ராபி ஏன் துப்பறிகிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராபி ஸ்மால் என்ற யூத மதகுரு துப்பறியும் ஹாரி கெமல்மனின் நாவல்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்து முதல் இரண்டையும் தேடிப் படித்தேன். நடை பிடித்திருந்தது. ஆனால் கொலைக்கு வந்துசேரவே வெகுநேரம் ஆகிறது. அதுவரை ஜெப ஆலயக் கமிட்டிக் கூட்டம்தான். இன்னொன்று, துப்பறிகிறவர் ராபியாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? அந்த இடத்தில் ஒரு வக்கீலையோ கணக்கு வாத்தியாரையோ வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். செஸ்டர்டனின் கதைகளில் துப்பறியும் கத்தோலிக்கப் பாதிரியார் ஃபாதர் பிரவுன் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனிதர்களை அறிந்தவர். அங்கே மதம் கதைக்குள்ளேயே இருக்கிறது. இங்கே மேலே பூசியது போலத் தெரிகிறது. நான் சரியாகப் படிக்கவில்லையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். கமிட்டிக் கூட்டங்கள் நிறைய என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தாண்டிப் போக வேண்டிய பக்கங்களாக நான் நினைக்கவில்லை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

ஃபாதர் பிரவுனை மனதில் வைத்துக்கொண்டு டேவிட் ஸ்மாலைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ராபி பாதிரியார் அல்ல. யாருடைய பாவத்தையும் மன்னிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கூட்டு ஜெபம் நடத்தக்கூட அவர் தேவையில்லை. மரபுப்படி வயதுவந்த ஆண்கள் 10 பேர் கூடினால் போதும். அப்படியானால் அவர் யார்? சட்டம் படித்தவர். பல நூற்றாண்டுகளாக யூத ஊர்களில் ஒருவருக்கொருவர் தகராறு என்றால் ராபியிடம் வந்தார்கள், அவர் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். வழிபாடு, பிரசங்கம், கல்யாணம், ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது ஆகியவை அவருடைய முழுநேர வேலையாக மாறியது பிற்காலத்தில்தான்.

முதல் நாவலான 'ஃப்ரைடே த ராபி ஸ்லெப்ட் லேட்' (1964) எப்படி ஆரம்பிக்கிறது என்று திரும்பப் பாருங்கள். இரவல் வாங்கிய ஒரு காரில் எண்ணெய் ஒழுகி இன்ஜின் பழுதாகிவிடுகிறது. செலவு யாருடையது என்று சபையைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் முகம் பார்க்காமல் திரிகிறார்கள். ராபி இருவரையும் உட்காரவைத்து, யூத முறைப்படி வழக்கை விசாரிக்கிறார். மாடு முட்டினால் யார் பொறுப்பு, மூடாத குழியில் விலங்கு விழுந்தால் யார் பொறுப்பு என்று தல்மூது பக்கம் பக்கமாக விவாதிக்கிறது. அந்தப் பழைய வாதங்களைக் கொண்டு அமெரிக்கக் கார் ஒன்றுக்குத் தீர்வு சொல்கிறார் ஸ்மால். கொலை இன்னும் வரவில்லை. ஆனால் அவர் எப்படி யோசிப்பார் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஜெப ஆலய வளாகத்தில் ஒரு இளம்பெண் பிணமாகக் கிடக்கும்போது, அவளுடைய கைப்பை ராபியின் காரிலேயே அகப்படும்போது, காருக்குச் செய்ததையேதான் அவர் மறுபடியும் செய்கிறார்.

இந்த நாவல் பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. கெமல்மன் (1908–1996) பாஸ்டன்காரர், ஆங்கில ஆசிரியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரங்களிலிருந்து புறநகருக்குக் குடிபோன யூதக் குடும்பங்கள் அங்கே புதிதாக ஜெப ஆலயங்களைக் கட்டின. அவர் குடியிருந்த மார்பிள்ஹெட் என்ற கடலோர ஊரும் அந்த மாதிரி இடம்தான். பார்னர்ட்ஸ் கிராஸிங் என்ற கற்பனை ஊருக்கு முன்மாதிரி அதுதான். முதலில் அவர் எழுதியது கொலையே இல்லாத நாவல்: ஒரு சமூகம் தனக்கு ஒரு கோயில் கட்டிக்கொள்ளும் கதை. பதிப்பாசிரியர்தான், நீங்கள் எழுதும் துப்பறியும் கதைகளை இதோடு சேர்த்தால் என்ன என்று கேட்டார். கேலியாகக் கேட்டதாகச் சொல்வார்கள். கெமல்மன் அதைப் பிடித்துக்கொண்டார். ராபியின் பழைய வேலையே விசாரிப்பதுதானே என்பது அவருக்கு உறைத்தது. சேர்த்து எழுதிய நாவலுக்கு 1965இல் மர்மக் கதைகளுக்கு வழங்கப்படும் எட்கர் விருது, சிறந்த முதல் நாவல் என்ற பிரிவில், கிடைத்தது. ஆகவே அவர் கொலைக் கதைக்குள் கமிட்டியைக் கொண்டுவரவில்லை. கமிட்டி அங்கே முதலிலிருந்தே இருந்தது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: வக்கீல் இருந்தால் போதாதா?

தல்மூதில் சன்ஹெத்ரின் பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. ஷிமோன் பென் ஷெதாக் என்ற பெரிய அறிஞர் சொல்கிறார்: ஒருவன் இன்னொருவனை ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடினேன். உள்ளே துரத்தியவன் கையில் வாள், அதிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. துரத்தப்பட்டவன் துடித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொன்னேன்: இவனைக் கொன்றது நீயா, நானா? ஆனால் உன்னை நான் என்ன செய்ய முடியும்? இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று வேதம் சொல்கிறதே.

நம் பைபிளில் உபாகமத்தில் இருக்கும் அதே சட்டம்தான். கொலை வழக்கில் கண்ணால் பார்த்த இருவர் வேண்டும். ஊகம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் செல்லாது. குற்றவாளி தானே ஒப்புக்கொண்டாலும் அதை வைத்து மரணதண்டனை கொடுக்க முடியாது. ஒரு நிரபராதியைக் கொல்வதைவிட ஆயிரம் குற்றவாளிகளை விடுவிப்பது மேல் என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் எழுதியதும் இந்தச் சட்டத்தை விளக்கும்போதுதான்.

துப்பறியும் கதையோ முழுக்க முழுக்க ஊகத்தில் நிற்கிற வடிவம். காலடித் தடம், நேரம், பொய் சொன்ன ஒரு வாக்கியம், இவற்றைக் கோர்த்து 'நீதான்' என்று கைகாட்டி முடிப்பது. ஊகத்தை இவ்வளவு சந்தேகப்படும் சட்டத்தில் ஊறிய ஒருவரை அந்த வேலைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? கெமல்மனின் நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இழுபறிதான். ஸ்மால் பெரும்பாலும் குற்றவாளியைத் தேடிப் புறப்படுவதே இல்லை. சந்தேகத்தில் மாட்டிய ஒருவனை விடுவிக்கத்தான் யோசிக்க ஆரம்பிக்கிறார். முதல் நாவலில் பிடிபடுவது மெல் பிரான்ஸ்டைன். அவனுடைய தொழில் கூட்டாளி ஆல் பெக்கர்தான் ராபியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று கமிட்டியில் முன்னால் நிற்கிறவர். அவருடைய நண்பனுக்காகத்தான் ராபி மூளையைச் செலவழிக்கிறார். போலீஸ் கோர்த்த ஒவ்வொரு கண்ணியையும் எடுத்து, இது வேறு மாதிரியும் நடந்திருக்கலாமே என்று கேட்கிறார். உண்மைக் குற்றவாளி வெளிப்படுவது அந்தக் கேள்வியின் விளைவாக.

இரண்டாவது நாவல் 'சாட்டர்டே த ராபி வென்ட் ஹங்ரி' (1966) இதை இன்னும் தெளிவாகச் செய்கிறது. யூதர்களின் உண்ணாநோன்பு நாளான யோம் கிப்பூர் தொடங்கும் இரவில் ஒருவர் தன் கார் ஷெட்டில் புகையில் மூச்சடைத்து இறந்துகிடக்கிறார். தற்கொலை என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. தற்கொலை செய்துகொண்டவருக்கு இடுகாட்டில் இடம் கொடுத்ததாகப் பணக்காரக் குடும்பம் ஒன்று கொதிக்கிறது. யூதச் சட்டமோ, திட்டவட்டமாகத் தெரியாதவரை ஒருவர் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார் என்று கருதவே கூடாது என்கிறது. ராபி அசைய மறுப்பது இங்கேதான். நன்கொடை போகும், வேலையும் போகலாம். இங்கே ஒரு வக்கீலை வைத்துப் பாருங்கள். அவருக்கு அந்த இடுகாட்டோடு என்ன சம்பந்தம்? 'இது கொலையாக இருக்கலாம்' என்ற எண்ணமே, செத்தவரின் மரியாதையைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலிருந்துதான் வருகிறது.

அப்புறம், இது கெமல்மனுக்கு ராபியோடு வந்த கேள்வியும் அல்ல. 1947இல் எல்லரி குவீன் துப்பறியும் கதைப் பத்திரிகையில் வந்த அவருடைய முதல் கதை 'த நைன் மைல் வாக்'. மழையில் ஒன்பது மைல் நடப்பது சாமானியமல்ல என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம். தர்க்கப்படி சரியாக இருக்கும் ஊகம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டுவதற்காகப் பேராசிரியர் நிக்கி வெல்ட் அதிலிருந்து ஊகித்துக்கொண்டே போகிறார். போய்ச் சேரும் இடம் ஒரு நிஜக் கொலை. ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்று அப்போதே கேட்டவருக்கு, அந்தக் கேள்வியோடு வாழும் மனிதர் ராபி வடிவில் 17 வருஷம் கழித்துக் கிடைத்தார்.

எனக்கும் குறைகள் தெரியும். ராபியின் மனைவி மிரியம் நல்ல பாத்திரம், ஆனால் கெமல்மன் அவளுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. போலீஸ் தலைவர் ஹ்யூ லேனிகன் ஐரிஷ் கத்தோலிக்கர். அவரும் ராபியும் மதம் பேசும் இடங்கள் அருமையாகத் தொடங்கும், ஆனால் பல நேரம் ராபி மட்டுமே பேசி முடிப்பார். நம்பிக்கையின் பக்கத்திலிருந்து லேனிகன் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அதைச் சொல்லவிட்டிருந்தால் நாவல் உயர்ந்திருக்கும். 1981இல் வந்த 'கான்வர்சேஷன்ஸ் வித் ராபி ஸ்மால்' முழுக்கவே மத உரையாடல், துப்பறிதல் கிடையாது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'மண்டே த ராபி டுக் ஆஃப்' (1972) படிக்கலாம். ராபி விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெருசலேம் போகிறார். கமிட்டி அங்கே அவரைப் பின்தொடர முடியாது. அது இல்லாமல் ராபி எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.