எந்த ஆப்ஜெக்ட் பல த்ரெட்களின் கையில் இருக்கிறது?

கேள்வி: ஜாவாவில் எழுதிய பழைய சர்வர் கோடு ஒன்றை த்ரெட் சேஃப்டிக்காகப் பார்த்துவருகிறேன்: ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமின் தனித்தனி ஓட்டங்கள்) ஒரே ஆப்ஜெக்ட்டைத் தொட்டாலும் தவறு வரக்கூடாது. ஸ்டாடிக் வேரியபிள்களை (கிளாஸ் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருப்பவை) எல்லாம் தேடி எடுத்துவிட்டேன். த்ரெட்களுக்குப் பொதுவான ஆப்ஜெக்ட்கள் அவ்வளவுதானா?

பதில்: இல்லை. ஸ்டாடிக் தேடினால் கிடைத்துவிடும். தொல்லை தருபவை பெரும்பாலும் அந்தச் சொல்லே இல்லாத இடத்தில்தான் இருக்கும்.

முதலில், த்ரெட்கள் எங்கெங்கே கிளம்புகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். த்ரெட் பூலுக்கு (தயாராக வைத்திருக்கும் த்ரெட்களின் கூட்டம்) வேலை அனுப்பும் இடம், டைமர், பேரலல் ஸ்ட்ரீம், வெப் கன்டெய்னர் தானாகக் கூப்பிடும் மெத்தட் எல்லாமே கணக்கில் சேரும். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இந்த ஆப்ஜெக்ட் இந்த த்ரெட்டின் கைக்கு எப்படி வந்தது? அங்கேயே உருவாக்கி வெளியே யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் சரி, விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வந்திருந்தால், அதே ரெஃபரன்ஸை (ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் முகவரி போன்றது) வேறு யார் வைத்திருக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

பலர் சறுக்குவது சர்வ்லெட்டில், அதாவது வெப் ரிக்வெஸ்ட்களுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸில். வழக்கமாக ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே இன்ஸ்டன்ஸ்தான். ஒரே நேரத்தில் வரும் ரிக்வெஸ்ட்கள் எல்லாம் அதே ஆப்ஜெக்ட்டில்தான் ஓடும். அதில் பயனர் பெயரைச் சாதாரண ஃபீல்டாக வைத்தால், ஒருவருடைய பெயர் இன்னொருவர் திரையில் வரலாம். ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்டான பீனும், ஸ்கோப் எதுவும் குறிப்பிடாவிட்டால் சிங்கிள்டன்தான், அதாவது எல்லோருக்கும் ஒன்றேதான். செஷனில் (ஒரு பயனருக்காக சர்வர் வைத்திருக்கும் தகவல்) வைத்த ஆப்ஜெக்ட்டையும் விடாதீர்கள்: ஒரே பயனர் இரண்டு டேப் திறந்தால் போதும்.

'லோக்கல் வேரியபிள்தானே' என்ற நிம்மதியும் ஆபத்து. வேரியபிள்தான் அந்த த்ரெட்டுக்குச் சொந்தம். கேஷிலிருந்து எடுத்த லிஸ்ட்டை அதில் போட்டால், லிஸ்ட் இன்னும் பொதுச்சொத்துதான். ஃபைனல் என்று எழுதியிருந்தாலும் ரெஃபரன்ஸ்தான் மாறாது. அது காட்டும் ஹேஷ்மேப் மாறும். கன்கரன்ட்ஹேஷ்மேப்புக்குள் வைத்த அர்ரேலிஸ்ட்டுக்கும் அந்த மேப் பாதுகாப்புத் தராது.

இப்படிச் சேர்ந்த பட்டியலிலிருந்து, உருவான பின் மாறவே மாறாதவற்றை அடித்துவிடலாம்: ஸ்ட்ரிங், ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மேட்டர் போன்றவை. ஆனால் 'இங்கே வெறும் வாசிப்புதான்' என்று அவசரப்பட்டு அடிக்காதீர்கள். சிம்பிள்டேட்ஃபார்மேட் தேதியை எழுத்தாக்கும்போதே தனக்குள் இருக்கும் காலண்டரை மாற்றுகிறது. ஆக்சஸ் ஆர்டரில் (கடைசியாகத் தொட்டது கடைசியில் வரும் வரிசை) அமைத்த லிங்க்ட்ஹேஷ்மேப்பில் get மெத்தடைக் கூப்பிட்டாலே உள்வரிசை மாறிவிடும். இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிக்கவே முடியாது.

மிஞ்சும் ஒவ்வொன்றின் பக்கத்திலும், எந்த லாக் (lock, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) அதைக் காக்கிறது என்று எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில்தான் பக் இருக்க வாய்ப்பு அதிகம்.

பகிர்வு உண்டா என்று சந்தேகமாக இருந்தால், த்ரெட் பெயரோடு அந்த ஆப்ஜெக்ட்டின் ஐடென்டிட்டி ஹேஷ்கோடையும் (ஆப்ஜெக்ட்டை அடையாளம் காண ஜாவா தரும் எண்) பதிவுக் கோப்பில் (log) எழுதிப் பாருங்கள். இரண்டு த்ரெட் பெயர்களில் ஒரே எண் வந்தால் அதைப் பட்டியலில் ஏற்றுங்கள். வரவில்லை என்பதற்காக மட்டும் நீக்கிவிடாதீர்கள். அந்த ஒரு ஓட்டத்தில் மாட்டவில்லை, அவ்வளவுதான்.