வீட்டிலேயே பதிவு செய்த, இரைச்சலோடு கேட்கும் கிட்டார் நாட்டார் பாடல்கள் ஏன் மனதுக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன?

இதைக் கேட்ட நீங்கள் அநேகமாக இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பாட்டுக் கேட்பவராக இருக்க வேண்டும். நான் இசை படித்தவன் இல்லை. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். ஆனாலும் அப்படி ஒரு பதிவுக்கு என் கையாலேயே ரெக்கார்டர் பிடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

1982. எனக்கு ஒன்பது வயது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததில் எங்கள் குடும்பமும் இரண்டானது. சித்தி முந்தின வருடம் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்விட்டார். அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு ஆண் பிள்ளை பிறந்ததாகக் கடிதம் வந்தது. பேரனைப் பார்க்க அம்மாயிக்கு வழியில்லை. கப்பலேறப் போகும் ஒரு குடும்பத்திடம் தாலாட்டாவது கொடுத்தனுப்பலாம் என்று மாமா டவுனில் ஒரு கேசட் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தார்.

அம்மாயிக்கு மெஷினைப் பார்த்துப் பாட வரவில்லை. மூன்று தடவை தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு ரெக்கார்டரைப் பழைய சேலையில் சுற்றி மடியில் கிடத்தி, பிள்ளையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே பாடினார். சேலை மைக்கை மூடாமல் விலக்கிப் பிடிப்பது என் வேலை. எங்கள் லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே இருமினால் அடுத்த காம்பராவில் விழிப்பார்கள். "மெதுவாத்தான்டா பாடணும், ஆளுக தூங்குதுக, காலையில பெரட்டு இருக்கு" என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. குனிந்து, மைக்குக்கு நாலு விரல் தூரத்தில், மூச்சும் குரலுமாகக் கலந்து பாடினார். வெளியே தகரத்தில் மழை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அதில்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போது பாடுகிறவர் குரலை உயர்த்த முடியாது, மைக்கிடம்தான் போக வேண்டும். ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிடிக்கும் மைக்காக இருந்தால், வாய் கிட்டே வர வர அடித்தொனி கனக்கும், காதோரம் பேசுவது போல ஆகிவிடும். குரல் சின்னது என்பதால் டேப்பின் 'ஸ்ஸ்' சத்தமும் கூடவே கேட்கிறது. நெருக்கம் முதலில் வருகிறது, இரைச்சல் அதன் பின்னால் வருகிறது. இரைச்சலைப் பிறகு கம்ப்யூட்டரில் தூவிய பாட்டுகள் எனக்கு ஒன்றுமே செய்வதில்லை. தரம் குறைந்தால்தான் நல்ல பாட்டு என்று நான் சொல்லவில்லை, சவுண்ட் எஞ்சினியர்கள் கோபிக்க வேண்டாம். அதே 1982 ஜனவரியில் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டுப் படுக்கையறையில் நான்கு தடக் கேசட் மெஷினில் ஒத்திகைக்காகப் பாடிய பாட்டுகளை, ஸ்டூடியோவில் குழுவோடு திரும்பப் பாடியும் அந்த உயிர் வராததால், அந்தக் கேசட்டிலிருந்தே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளியிட்டார். காசும் ஸ்டூடியோவும் இருந்தவருக்கே அப்படி.

2019இல் சித்தி மகன் அந்தக் கேசட்டை வாட்ஸ்அப்பில் ஏற்றி அனுப்பினான். முப்பத்தேழு வருடம் கழித்துக் கேட்கிறேன். அந்தக் கால ரெக்கார்டர் சத்தத்தின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். அதனால் அம்மாயி மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் மழை எழும்பி வருகிறது. அவர் அடுத்த அடியை எடுத்ததும் மழை ஒதுங்கிக்கொள்கிறது. அவர் தட்டியது முழுவதும் தொம் தொம் என்று விழுந்திருக்கிறது. தாளமே அதுதான். ஒரு கலை விழாவுக்குக் கேட்டார்கள் என்று கொடுத்தேன். சுத்தம் செய்கிறோம் என்று மழையையும் தட்டலையும் எடுத்துவிட்டு, கீபோர்டு சேர்த்துப் போட்டார்கள். என் அம்மாவுக்கே அது யார் குரல் என்று உடனே பிடிபடவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. சித்தி 1983இல் பிள்ளை மழலை பேசுவதைப் பதிந்து ஒரு கேசட் அனுப்பினாராம். அப்படி ஒன்று வந்ததே எங்களுக்குத் தெரியாது. லயத்து ஆட்களுக்கு வரும் கடிதமும் பார்சலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும், அங்கிருந்து யாராவது மனது வைத்தால்தான் நம் கைக்கு வரும். அடையாள அட்டைக் கடிதம், வேலைக்கான நேர்முகக் கடிதம் எல்லாம் தேதி போன பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் லயத்திலேயே உண்டு. இன்றைக்கும் எத்தனையோ லயங்களுக்கு வீட்டு இலக்கம் போட்ட முகவரி கிடையாது. அம்மாயி பேரன் குரலைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். பதிவின் தரத்தைப் பற்றி யாராவது என்னிடம் பேச வந்தால், எனக்கு அந்த ஆபீஸ் மேசைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பாட்டு முடிந்ததும் தட்டுவது கொஞ்ச நேரம் தொடர்கிறது. மழை மெல்ல மேலே வருகிறது. பிறகு அம்மாயி என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்: "தூங்கிருச்சாடா?" டக் என்று பட்டன் விழுகிறது.