எவரெஸ்டில் யாரும் ஏறுவதற்கு முன்பே அதன் உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முக்கோணக் கணக்குதான். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்தார். அங்கே தொடங்கிய வேலை, முக்கோணத்தோடு முக்கோணமாகக் கோத்துக்கொண்டே பல பத்தாண்டுகளில் இமயமலை அடிவாரத்தை எட்டியது. கோணங்களை அளக்க லாம்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட் கருவி மட்டுமே அரை டன் எடை! அதைத் தூக்கிச் சுமந்த ஆட்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சிகரம் நேபாள எல்லையில் இருந்தாலும், நேபாளத்துக்குள் நுழைய அப்போது நில அளவையாளர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் 1849-50இல் பீகார் சமவெளியில் ஆறு இடங்களில் நின்று, 170 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த சிகரத்தின் கோணங்களைக் குறித்தார்கள். சரி, கோணம் கிடைத்தால் போதுமா? போதாது. அவ்வளவு தூரத்தில் காற்று ஒளியை வளைத்து, சிகரத்தை உயர்த்திக் காட்டும். பூமியின் வளைவோ தாழ்த்திக் காட்டும். இரண்டையும் திருத்திக் கணக்குப் போட்டதில் முக்கியமானவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். எவரெஸ்ட் என்றதும் இவர் பெயரும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த 8,848.86 மீட்டர், இதைவிட ஏறக்குறைய 30 அடிதான் கூடுதல்.