மாலத்தீவு வேலைக்குப் போகுமுன்: கேள்வி பதில்

மாலத்தீவில் பன்னிரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் நான். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே போக நினைப்பதால், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (வள்ளியூர்): அண்ணாச்சி, வெள்ளைக்காரர்கள் வந்து குவிகிற ஊரில் டாலர் தட்டுப்பாடு என்கிறார்களே, எப்படி?

பதில்: தம்பி, அங்கே சொந்தமாகக் கிடைப்பது மீனும் தேங்காயும்தான். அரிசி, வெங்காயம், டீசல், சிமெண்ட் எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். தூத்துக்குடியில் தோணி ஏறுகிற காய்கறியும் அதில் சேர்த்திதான். எல்லாவற்றுக்கும் டாலர் கொடுக்க வேண்டும். ரிசார்ட்டுகளுக்கு டாலர் வருகிறது, ஆனால் அதில் நிறைய வெளிநாட்டுக் கணக்குகளிலேயே தங்கிவிடும். அரசும் கட்டுமானங்களுக்குக் கடன் வாங்கிக் குவித்தது. 2024-ல் ரிசார்ட்டுகள் ஒரு பங்கு டாலரை உள்ளூர் வங்கியில் மாற்றியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாக, அதாவது அவர்கள் பணத்தை ஈடாக வாங்கிக்கொண்டு பிறகு திருப்பிக்கொள்ளும் ஏற்பாட்டில், கொடுக்க ஒப்புக்கொண்டது.

கேள்வி (திசையன்விளை): சம்பளம் ருஃபியாவில் தருகிறார்களாம். என் தங்கச்சியை அனுப்பலாமா சார்?

பதில்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ருஃபியா என்பது மாலத்தீவுப் பணம். டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அரசு விலை. அந்த விலைக்கு வங்கியில் கொஞ்சம்தான் கிடைக்கும். மீதியை வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் டாலர் என்று எழுதியிருக்கிறதா, கையிலும் டாலராகவே வருமா என்று இரண்டையும் கேளுங்கள். என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த ருஃபியாவை மாற்ற மாசக்கணக்கில் அலைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அரசியல் நிலையானதா?

பதில்: அதிபர் கயூம் 1978 முதல் 2008 வரை முப்பது வருடம் ஆண்டார். அப்புறம் பல கட்சித் தேர்தல் வந்தது. அதில் நஷீத் ஜெயித்து அதிபராகி, 2012-ல் பதவி விலகினார். அதன்பின் நடந்த தேர்தல்களில் பதவியில் இருந்த அதிபர் யாருமே மறுபடி ஜெயிக்கவில்லை. அது மக்களின் விழிப்பு என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி (ஏர்வாடி): இந்தியர்கள் மேல் கோபம் இருக்கிறதா?

பதில்: 2023 அதிபர் தேர்தலில் முய்சு வென்றது, அங்கிருந்த இந்திய ராணுவம் வெளியேற வேண்டும் என்று பேசித்தான். 2024 மே மாதத்துக்குள் வீரர்கள் திரும்பிவிட்டார்கள். ஆனால் நான் இருந்த தீவில் வாத்தியார் என்றால் நோன்பு திறக்கிற நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். பிள்ளைகளைத் தைரியமாக அனுப்புங்கள், ஒப்பந்தத்தை மட்டும் கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள்.