வலப்பக்கம் மட்டும் வளைய மறுக்கும் மொரிஸ் மைனர்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். அப்பாவின் 1959 மொரிஸ் மைனருக்கு இரண்டு மாதத்துக்கு முன் ஸ்டியரிங் ரேக் மாற்றினார்களாம். அதற்குப் பிறகு இடப்பக்கம் நன்றாக வளைகிறது, வலப்பக்கம் திருப்பினால் வீட்டு ஒழுங்கைக்குள் இரண்டு தரம் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ரேக்கைத் தேடிக் கொடுத்த தரகர், "அது பழுது, வேறொன்று தாறன்" என்கிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அநேகமாகப் பூட்டிய விதத்தில்தான் பிழை.

ரேக் என்பது பற்கள் வெட்டிய ஒரு நீளக் கம்பி, அவ்வளவுதான். ஸ்டியரிங்கின் அடியில் உள்ள சிறு பற்சக்கரம் அதை இடமும் வலமும் நகர்த்த, இரண்டு முனையிலும் இருக்கும் டை ரொட் சக்கரங்களைத் திருப்புகிறது. கம்பி நடுவில் நிற்கும்போது சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். உங்கள் காரில் கம்பி ஒரு பக்கம் தள்ளி நிற்கும்போது சக்கரங்கள் நேராக இருக்கின்றன போலிருக்கிறது, அதனால் வலப்பக்கம் ஓட இடமில்லாமல் சீக்கிரம் முட்டிவிடுகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். முன்பக்கத்தை உயர்த்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முட்டும் வரை திருப்புங்கள். அங்கிருந்து மறுபக்கம் முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரி பாதி திரும்பி வாருங்கள். இப்போது சக்கரங்கள் நேராக இருந்து ஸ்டியரிங் மட்டும் கோணலாக இருந்தால், ஸ்டியரிங்கைக் கழற்றிச் சரியாகப் போட்டால் போதும். சக்கரங்களே ஒரு பக்கம் பார்த்து நின்றால் டை ரொட் இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை. ஒன்றை உள்ளே முறுக்கி மற்றதை அதே அளவு வெளியே எடுத்தால் சரி. பிறகு சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 2.4 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி எலைன்மென்ட் வைக்க வேண்டும்.

இங்கேதான் பல கராஜ்களில் ஒரு தந்திரம். ரேக் நடுவில் இருக்கிறதா என்று பார்க்காமல், ஒரு பக்க டை ரொட்டை மட்டும் முறுக்கி எலைன்மென்ட் எடுத்துவிட்டு, கோணலாய்ப் போன ஸ்டியரிங்கைக் கழற்றி நேராகப் போட்டுத் தருவார்கள். பார்வைக்கு எல்லாம் அழகு. ஆனால் அதிகம் வெளியே எடுத்த பக்கத்தில் நாலைந்து மரைதான் பிடித்திருக்கும், அது கழன்றால் காலி வீதியில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குக் கியூவில் நிற்க வைக்கிறார்கள், புகையை அளக்கிறார்கள். ஸ்டியரிங்கை யார் பார்க்கிறார்? ஒருவரும் இல்லை.

தரகரிடம் திரும்பிப் போகும் எண்ணம் இன்னும் இருந்தால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் "ரீகண்டிஷன்" என்று கிடைப்பவற்றில் நான் பார்த்த பலதுக்குக் கறுப்புப் பெயின்ட்தான் புதிது. கார் பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, அதனால் ரேக்கின் நடுப் பற்கள்தான் தேயும். தேய்ந்ததால் வரும் ஆட்டம் தெரியாமலிருக்க இறுக்கிவிட்டால் நடுவில் சரியாகவும் இரண்டு ஓரத்திலும் இறுகியும் இருக்கும். வாங்குமுன் கையால் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். ஜப்பான் ரேக் போடலாம், பவர் ஸ்டியரிங் வரும் என்பார்கள், அதையும் கேட்காதீர்கள். நீளம் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

இதை வாசித்துவிட்டு மினிக்காரர்கள் 2.4 மில்லிமீட்டரைத் தங்கள் காருக்கு வைத்துவிட வேண்டாம். மினிக்கு நேர்மாறு: முன்பக்கம் 1.6 மில்லிமீட்டர் அகன்றிருக்க வேண்டும். மினியை முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன, ஓடும்போது அவை உள்பக்கம் திரும்பிக்கொள்ளும், அதற்காகத்தான் முதலே அகலம் விடுவது. இரண்டையும் வடிவமைத்தவர் எலெக் இசிகோனிஸ்தான், இரண்டிலும் ரேக்தான், இருந்தும் அளவு வேறு. "எல்லா பழைய காருக்கும் ஒரே செட்டிங் சேர்" என்று சொல்லும் மெக்கானிக் பாஸிடம் மினியை விடாதீர்கள், ஆறு மாதத்தில் டயர் ஓரம் தேயும். மினி, முன்பக்கம் அகலம். மைனர், முன்பக்கம் ஒடுக்கம்.

அப்புறம், எல்லாம் சரிசெய்தாலும் மைனர் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 33 அடி வேண்டும். 20 அடி ஒழுங்கையில் ஒரே மூச்சில் திரும்பாது. 25 அடியில் சுற்றும் ட்ரையம்ப் ஹெரல்டாலும் அங்கே முடியாது. இடமும் வலமும் ஒரே அளவு வளைகிறதா என்பதை மட்டும் பாருங்கள், காசு கொடுக்கும் முன் கராஜ் வாசலிலேயே.