வாசகர் கேள்விகள்: வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகலாமா?

கேள்வி: மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அப்பா விவசாயி. ஐரோப்பாவில் பத்து நாள் நடக்கும் பன்னாட்டு இளைஞர் கருத்தரங்குக்கு விண்ணப்பித்தேன், தேர்வாகிவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. பருவநிலை, புலம்பெயர்வு, ஆண் பெண் சமத்துவம் என்று தலைப்புகள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் படித்தவள், இங்கிலீஷில் பேசப் பயமாக இருக்கிறது. அதுவும் போக, உலகப் பிரச்சினையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: மகளே, கடைசியாகக் கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 நவம்பரில் சேதி வந்ததும் உங்கள் பக்கத்துக் கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்களே, 2025 ஜனவரியில் ஜனங்கள் திரண்டு மதுரைக்குப் பேரணியாக வந்தார்களே, அதே மாதம் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்ததே, இதெல்லாம் உன் கண் முன்னால் நடந்ததுதானே? பாறையைத் துளைக்கிற கருவியின் முனைக்கும், உலோகம் வெட்டவும், ஆயுதங்களுக்கும் டங்ஸ்டன் வேண்டும். உலகத்தில் வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி சீனாவில்தான். அதனால் மற்ற நாடுகள் தங்கள் மண்ணில் தேடுகின்றன, அந்தத் தேடல் உன் ஊர் மலைவரை வந்தது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது, சமணர் படுக்கையும் வல்லூறுகளும் கண்மாய்களும் இருக்கிற இடம். இதைவிட உலகப் பிரச்சினை என்ன வேண்டும்?

இந்தக் கருத்தரங்குகள் நம் கல்லூரி செமினார் மாதிரி மேடையும் மாலையுமாக இருக்காது. ஐந்தாறு பேராக வட்டமாக உட்காரவைத்து, ஒருத்தரைக் கம்பெனிக்காரராக, ஒருத்தரை அரசாங்கமாக, ஒருத்தரைக் கிராமத்து ஆளாகப் பேசச் சொல்வார்கள். உனக்குக் கம்பெனிப் பக்கம் வந்தாலும் வரும், அப்போது கோபப்படாமல் அந்த நியாயத்தையும் யோசித்துப் பேசு. சுரங்கத்தில் வேலைபார்த்துப் பிள்ளையைப் படிக்கவைத்த அப்பாவின் மகன் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவன் சொல்வதையும் முழுசாகக் கேள்.

சின்ன வயதில் இப்படி ஒரு முகாமுக்கு நானும் போனேன். நாலு பக்கம் இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், அந்தத் தாள் கைவியர்வையில் நனைந்து மடிப்பு மடிப்பாகப் பிய்ந்தது. எதிரில் ஒரு நேபாளப் பெண். அவள் அண்ணன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய அட்டைப்பெட்டியில் அவன் கையெழுத்தில் விலாசம் எழுதிய சீட்டு ஒட்டியிருந்ததாம், அதை அவள் அம்மா இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறாராம். அவ்வளவுதான் சொன்னாள், உடைந்த இங்கிலீஷில். எங்கள் தெருவிலும் அப்படி ஓர் அம்மா இருந்தார். தாளை மூடி வைத்துவிட்டு அவரைப் பற்றித்தான் பேசினேன், எனக்கும் இங்கிலீஷ் உடைந்துதான் வந்தது, ஆனால் எல்லோரும் கேட்டார்கள். அதனால் இலக்கணத்துக்குப் பயப்படாதே. கண்மாயின் மடை, நிரம்பிய தண்ணீர் வழிந்து போகிற கலுங்கு என்பதையெல்லாம் தமிழிலேயே சொல்லி, ஒரு படம் வரைந்து காட்டு.

இனி, காசு விஷயம். பதிவுக் கட்டணம் கேட்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் தனிநபர் கணக்குக்குப் போடச் சொன்னாலோ, இன்று ராத்திரிக்குள் கட்டு என்று அவசரப்படுத்தினாலோ, விசா உறுதி என்றாலோ ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. விசா தருவதும் மறுப்பதும் அந்த நாட்டுத் தூதரகத்தின் கையில் இருக்கிறது, நடத்துகிறவர்களால் உறுதி சொல்லவே முடியாது. ஐ.நா. சின்னத்தைப் போட்டிருந்தால் மட்டும் அது ஐ.நா. நடத்துவதாகிவிடாது. போக்குவரத்து, தங்குமிடம், காப்பீடு இதில் எது யார் செலவு என்று எழுத்தில் வாங்கு. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அதையும் கணக்கில் வை. அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பவேண்டும் என்றால் இந்த வருஷம் போகவேண்டாம்.

கேள்வி: இதற்குப் போய்வந்தால் என் மகனுக்கு வேலை கிடைக்குமா?
- ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: அந்தச் சான்றிதழுக்காக யாரும் வேலை கொடுத்துவிடமாட்டார்கள் ஐயா. மகனுக்கு ஆசை இருந்தால் அனுப்புங்கள், வேலைக்காக என்றால் அந்தப் பணத்தை ஒரு தொழில் பயிற்சிக்குக் கட்டுங்கள்.

கேள்வி: வெளிநாடு போக வசதியில்லை. எங்கள் கல்லூரியிலேயே இப்படி நடத்த முடியுமா?
- ஒரு மாணவர், திருமங்கலம்

பதில்: தாராளமாக. 2015இல் ஐ.நா. நாடுகள் 2030க்குள் எட்டுவோம் என்று 17 வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன, அதில் ஒன்றையோ அதோடு சேர்ந்த ஒரு தலைப்பையோ எடுங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் போதும். புலம்பெயர்வு என்றால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஓட்டல்களில் வேலைபார்க்கிற தம்பிகள் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், இந்தி தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் என்றால் உங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறக்கிற பெரியவரை அழைத்து வந்து நாற்காலி போட்டு, டீ கொடுத்து, முதல் அரைமணி நேரம் அவரை மட்டும் பேசவிடுங்கள். உங்கள் கேள்விகளை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.