தாத்தாவின் 'செங்கல் குகை'

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, இடுகாட்டில் எங்கள் தாத்தாவைப் புதைத்த இடத்தை எடுத்துக் கட்டுகிறோம். கல்லில் தமிழில் எழுத ஆசை. அனுமதிக் காகிதத்தில் பர்மிய மொழியில் 'ஓட்கூ' என்று இருக்கிறது. என் மகன் அகராதியைப் புரட்டி 'செங்கல் குகை' என்று எழுதிக் கொடுத்தான். வீடே சிரித்தது. அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. அவன் செய்தது தப்பா? இன்னொன்று. பா-அன் பக்கம் குகை பார்க்க ஒரு பஸ் ஏற்பாடு செய்கிறோம். நோட்டீசில் 'குகை' என்று ஒருவர் போடச் சொல்கிறார், 'சுரங்கம்' என்கிறார் இன்னொருவர். குகை வடசொல், 'முழை' என்று போடு என்று ஒரு பெரியவர் பிடிவாதமாக நிற்கிறார். எது சரி?"

கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் கல். அதில் 'குகை' வேண்டாம். 'கல்லறை' என்று போடலாம். 'சமாதி' என்பது துறவிகளுக்கே உரியது என்று சிலர் சொன்னாலும், ஊர் வழக்கில் எல்லோருக்கும் சொல்கிறோம், அதனால் அதுவும் தவறில்லை. என்னைக் கேட்டால் இரண்டுமே தேவையில்லை. அந்த இடத்தில் வந்து நிற்கிறவனுக்கு அது என்னவென்று தெரியும். தாத்தாவின் பெயர், தமிழ்நாட்டில் அவர் புறப்பட்ட ஊர், பிறப்பு, மறைவு, இவ்வளவு இருந்தால் போதும். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேரன் பேத்திகள் பின்னால் தேடப்போவது அதைத்தான்.

இப்போது பையன் விஷயம். அவன் செய்தது சொல்லுக்குச் சொல் சரி. 'ஓட்' என்றால் செங்கல், 'கூ' என்றால் குகை. பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இருக்கும் 'குஹா'வைப் பர்மியர்கள் ஒரே எழுத்தாகச் சுருக்கி 'கூ' ஆக்கிக்கொண்டார்கள். வடமொழியில் அதே 'குஹா' தமிழுக்கு வந்து 'குகை' ஆனது. வேர் 'குஹ்', மறைத்தல். நெஞ்சக் குகையில் மறைந்திருப்பவன் என்றுதான் முருகனுக்குக் குகன் என்று பெயர். ஆகவே உங்கள் காகிதத்தில் இருக்கும் 'கூ'வும் நம் குகையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வளர்ந்த வீடுதான் வேறு.

பர்மிய வீட்டில் அது எப்படி வளர்ந்தது என்பதைப் பழைய தலைநகரான பகானில் பார்க்கலாம். அங்கே உள்ளே நுழைந்து வணங்கும்படி கட்டிய செங்கல் கோயில்களையும் 'கூ' என்றே சொல்கிறார்கள். அங்கே மியின்கபா என்ற ஊரில் 1113ஆம் ஆண்டை ஒட்டிய கூபியாவுக்ஜி என்ற கோயில் இருக்கிறது. பெயருக்குப் பொருள் ஏறக்குறைய 'பெரிய ஓவியக் குகை'. பக்கத்தில் மலையும் இல்லை, பாறையும் இல்லை, எல்லாம் சமவெளி. வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் கண் இருட்டிப்போகும். கல்லில் துளைத்த சன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழும். சற்று நின்றால்தான் சுவரில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைப் படங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். கட்டினவர்களுக்கு வேண்டியதும் அந்த இருட்டுத்தான். மலை இல்லாத இடத்தில் செங்கல்லை அடுக்கி ஒரு மலையின் உட்புறத்தை உண்டாக்கினார்கள். உங்கள் மகன் எழுதிய 'செங்கல் குகை' பகானுக்கு மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு.

நம் பக்கத்தில் கதை தலைகீழ். ஏழாம் நூற்றாண்டில் மண்டகப்பட்டில் பல்லவன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் எடுத்தேன் என்று கல்வெட்டில் பெருமை பேசினான். அந்த வகைக் கோயிலுக்குக் 'குடைவரை' என்று பெயர். பலர் 'குடவரை' என்று எழுதுகிறார்கள். அது மேற்கு மலை என்று பொருள் தரும்.

யாங்கோனில் இருப்பவர்களுக்கு இன்னும் அருகிலேயே ஒரு கட்டிய குகை உண்டு. கபா ஏ பகோடா வளாகத்தில் இருக்கும் மகா பாசாண குகை. புத்தருக்குப் பின் பௌத்தத் துறவிகளின் முதல் சங்கம் கூடியதாகச் சொல்லப்படும் சத்தபண்ணி குகையை நினைவில் வைத்து, பிரதமர் ஊ நு காலத்தில் ஆறாவது சங்கத்துக்காகக் கட்டியது. 1954 மே முதல் 1956 மே வரை சங்கம் அங்கேதான் நடந்தது. வெளியே பார்த்தால் பாறைக் குவியல், உள்ளே போனால் பெரிய மண்டபம். பாலியில் பாசாணம் என்றால் கல். நாட்டு வைத்தியர்கள் விஷச் சரக்கைப் 'பாடாணம்' என்று பயந்து பயந்து சொல்வார்களே, அதுவும் இதே சொல்தான்.

கோயிலுக்கு ஆன சொல் கல்லறைக்கும் ஆனது. செங்கல்லால் கட்டி மூடிய உள்ளறைதானே அதுவும். அதனால் 'ஓட்கூ'. இது பர்மியருக்கு மட்டும் தோன்றிய எண்ணமில்லை. பைபிளில் ஆபிரகாம் மனைவியை அடக்கம் செய்ய விலை கொடுத்து வாங்கியது மக்பேலா என்ற குகை. 'கல்லறை' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள், கல்லால் ஆன அறை. பர்மியர் செங்கல்லும் குகையும் என்றார்கள், நாம் கல்லும் அறையும் என்றோம்.

சரி, தமிழில் 'குகை' மட்டும் சும்மா இருந்ததா? சோழர் காலக் கல்வெட்டுகளில் சைவத் துறவிகளின் மடத்துக்குக் குகை என்று பெயர். மலையே கண்ணில் படாத காவிரிப் படுகையில் குகைகள் இருந்ததற்குக் காரணம் இதுதான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் திருத்துறைப்பூண்டியில் அப்படிப்பட்ட மடங்களை இடித்த சம்பவத்தைக் 'குகையிடி கலகம்' என்பார்கள். பழைய ரசவாத நூல்களில் குகை என்றால் உலோகம் உருக்கும் மண் கிண்ணம், பொற்கொல்லர்கள் மூசை என்று சொல்வது. சேலத்தில் ஒரு பேட்டைக்கே குகை என்று பெயர். வெளியூர்க்காரர் யாராவது பஸ்ஸில் 'குகைக்கு ஒரு டிக்கெட்' என்பதைக் கேட்டால் திகைப்பார்.

இத்தனை காலம் நம் வீட்டில் புழங்கிய சொல்லை வடசொல் என்று சொல்லி வாசலில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெரியவர் சொன்ன முழை அருமையான சொல், அதில் சந்தேகமே இல்லை. சங்கப் பாட்டில் வரும். அதன் உறவுகள் முழைஞ்சு, விடர், அளை. 'உன் மகன் எங்கே' என்று கேட்டவளுக்கு ஒரு தாய், புலி தங்கிவிட்டுப் போன கல்லளை போல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில் இருப்பான் என்று சொல்வது புறநானூற்றில் 86ஆம் பாட்டு. இந்தச் சொற்களில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது முக்கியம். எலிக்கும் நண்டுக்கும் வளை, பாம்புக்கும் கறையானுக்கும் புற்று, மரத்தில் கிளிக்குப் பொந்து. நிலத்துக்குள் இறங்கிப் போகும் பெரிய குழிவு பிலம், அனுமனும் மற்ற வானரங்களும் வழி தெரியாமல் புகுந்து தவித்தது அதில்தான். மாதா சொரூபம் வைத்த குகை தேவாலயத்தில் கெபி. பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கும் நோட்டீசில் முழை என்று போட்டால் பாதிப் பேர் முழத்துக்கு அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பெரியவரைப் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்து, போகிற வழியில் முழையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

சுரங்கம் கூடவே கூடாது. அது மனிதன் தோண்டியது. பர்மாவின் மொகோக்கில் மாணிக்கம் எடுப்பது சுரங்கம், மலையைத் துளைத்து ரயில் போவது சுரங்கப்பாதை. அந்தச் சொல் குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'சூரிங்ஸ்' வடமொழி வழியாக நம்மிடம் வந்தது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. பா-அன் குகைகளை யாரும் தோண்டவில்லை. சுண்ணாம்புக் கல்லை மழைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டான வெற்றிடம் அது. ஆகவே 'குகை' என்றே போடுங்கள். அந்தப் பக்கத்துச் சத்தான் குகைக்கும் போவதாக இருந்தால், செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், உள்ளே தரை வழுக்கும், வௌவால் எச்சம் காலில் ஒட்டும், ஆளுக்கொரு டார்ச் வேண்டும் என்று கீழே ஒரு வரி சேருங்கள். நான் போனபோது எங்கள் கூட்டத்தில் இருந்தது ஒரே ஒரு டார்ச், அதுவும் எல்லோருக்கும் முன்னால் நடந்தவரின் கையில்.

கடைசியாக, கல்லுக்குத் திரும்பி ஒரு எச்சரிக்கை. தமிழ் தெரியாத கொத்தனார் எழுத்தைப் படமாகப் பார்த்துத்தான் செதுக்குவார். புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார். எங்கள் பாட்டியின் கல்லில் 'அம்மாள்' என்பது 'அமமாள' என்று விழுந்து, பிறகு உளியால் குத்திப் புள்ளி வைத்தோம். ஒன்று இடம் மாறியே விழுந்தது. அதனால் கல்லின் அளவுக்கே ஒரு தாளில் எழுதி, புள்ளிகளைச் சிவப்பு மையில் பெரிதாக வைத்து, அந்தத் தாளைக் கல்லின் மேல் ஒட்டிச் செதுக்கச் சொல்லுங்கள். தாளை உங்கள் மகனே எழுதட்டும்.